சர்ஜரி போஸ்டிங்ல என்ன கத்துக்கணும்: இன்னைக்கு ராத்திரியா, நாளைக்குக் காலையிலயா

சர்ஜரி போஸ்டிங்குக்கு, அதாவது சர்ஜரி வார்டுல வேலை பழக, வர்ற மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் முதல் நாளே கேக்குறது, "சார், ஆபரேஷன் தியேட்டருக்கு எப்ப வரலாம்?" கேக்கட்டும், அந்த ஆசை நல்ல ஆசைதான். ஆனா ஒரு பேட்ச்ல ரொம்பக் கொஞ்சப் பேருதான் சர்ஜன் ஆகப்போறாங்க. மிச்சப் பேரு மெடிசின், பீடியாட்ரிக்ஸ், ரேடியாலஜின்னு போயிடுவாங்க, அதுக்கும் முன்னாடி நிறைய பேரு ஏதாவது ஒரு பிஹெச்சில, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல, ஒடுகத்தூர் தாண்டியோ ஜவ்வாதுமலை மேலயோ பேரணாம்பட்டு பக்கமோ, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சிஸ்டரோட தனியா ட்யூட்டில இருப்பாங்க, ஸ்கேன் இருக்காது, லேப் பூட்டியிருக்கும், அப்ப வயித்த புடிச்சிக்கினு ஒருத்தர் உள்ள வருவாரு. அந்த நேரத்துல அந்த டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு ஒண்ணே ஒண்ணு. இவர இன்னைக்கு ராத்திரியே வேலூருக்கு அனுப்பணுமா, இல்ல காலையில வரைக்கும் வச்சுப் பாக்கலாமா. சர்ஜரி போஸ்டிங்னு ஒண்ணு வச்சிருக்கிறதே அந்த முடிவ எடுக்கத் தெரியணும்னுதான். பல வருஷமா வேலூர் பக்கத்துல சர்ஜனா இருந்து, ஸ்டூடண்ட்ஸுக்கு சொல்லியும் கொடுத்து, நான் வந்து சேர்ந்திருக்கிற இடம் இதுதான்.

இத இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் நம்ம பரீட்சை. நோயாளிய பரிசோதிச்சுக் காட்டச் சொல்லி லாங் கேஸ், ஷார்ட் கேஸ்னு வைப்பாங்க, அதுக்கு வர்றவங்க எல்லாம் தைராய்டு கட்டி, வெரிகோஸ் வெயின், ஹெர்னியா, ஹைட்ரோசீல், முதுகுல ஒரு லைப்போமா, இந்த மாதிரி ரொம்ப நாளா இருக்குற நோவு உள்ளவங்க, காலையில இருந்து மதியம் வரைக்கும் பொறுமையா படுத்து இருபது பேருக்குக் கைய காட்டக்கூடியவங்க. குடல் ஓட்டையானவரு பரீட்சைக்கு வரமாட்டாரு. அதனால பசங்க தைராய்டு முழுங்கும்போது மேல ஏறுதான்னு அழகா காட்டுவாங்க, ஆனா கிருமி உடம்பு முழுக்க பாதிச்சு செப்டிக் ஆகிக்கினு இருக்குற நோயாளி பக்கத்து பெட்லயே இருந்தாலும் கண்ணுல படாது. 2019ல புது பாடத்திட்டம் வந்தப்புறம் என்னென்ன திறமை வேணும்னு எழுதி வச்சு லாக்புக்ல கையெழுத்து வாங்கச் சொல்றாங்க, நல்ல விஷயம், ஆனா கையெழுத்து வாங்குற அவசரத்துல நோயாளிகிட்ட உக்கார்ற நேரம் குறைஞ்சிடக்கூடாது.

வயித்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா ராத்திரி முடிவுல பாதி வயித்துலதான் இருக்கு.

அல்சர் ஓட்டையான நோயாளிய எடுத்துக்கோங்க. நம்ம பக்கம் இது இன்னும் வருது. மூட்டு வலி, இடுப்பு வலின்னு மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கி மாசக்கணக்கா போட்டவங்க, பீடி, குடி, இதெல்லாம் சேர்ந்து வரும். அவங்ககிட்ட "எப்ப ஆரம்பிச்சுது"ன்னு கேட்டா நேரத்தையே சொல்வாங்க, சாப்ட்டு கை கழுவப் போனேன், அப்ப குத்திச்சுன்னு. இப்படி நிமிஷம் சொல்ற வலி வந்தா நிமிர்ந்து உக்காருங்க. வயித்துல கை வச்சா பலகை மாதிரி இருக்கும், மூச்சு விட்டா வயிறு அசையாது, ஆள் புரளாம அப்படியே படுத்திருப்பாரு. கிட்னி கல்லு வலிக்காரரு கட்டில்ல உருண்டு புரள்வாரு, எந்திரிச்சு நடப்பாரு, இவரு தும்மக்கூட பயப்படுவாரு, இந்த வித்தியாசம் வார்டு வாசல்ல இருந்தே தெரியும். இதுல ஏமாத்துற கட்டம் ஒண்ணு இருக்கு, அதத்தான் போஸ்டிங்ல கண்ணால பாத்து வச்சுக்கணும். ஆரம்பத்துல ஆசிட் கொட்டுனப்ப உயிர் போற வலி இருக்கும், அப்புறம் வயித்துக்குள்ள தண்ணி சுரந்து அந்த ஆசிட்டு நீர்த்துப்போகும், சில மணி நேரம் கழிச்சு வலி கொஞ்சம் தணியும், நோயாளி "இப்ப பரவால்ல டாக்டரே, வூட்டுக்குப் போறேன்"னு சொல்வாரு. அந்த நேரத்துல நாடிய புடிச்சுப் பாத்தா வேகமா ஓடும், வயிறு இன்னும் இறுக்கமாத்தான் இருக்கும். அவர வீட்டுக்கு விட்டா மறுநாள் செப்டிக் ஷாக்ல வருவாரு. நிக்க வச்சு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேல டயஃப்ரத்துக்கு, நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசைக்கு, கீழ காத்து தெரிஞ்சா முடிஞ்சுது, ஆனா காத்து தெரியலங்கறதால ஓட்டை இல்லன்னு முடிவு கட்டாதீங்க, தெரியாத கேஸும் கணிசமா உண்டு. கைதான் சாட்சி.

அதனால வயித்த தொடுறதுக்குன்னே தினமும் நேரம் ஒதுக்குங்க. கைய தேய்ச்சு சூடாக்கிட்டு, வலிக்கிற எடத்துக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு, கண்ண வயித்துல வைக்காம நோயாளி முகத்துல வைக்கணும். வலி இருக்குற எடத்த வாய் மறைச்சாலும் முகம் மறைக்காது. அழுத்தி சடார்னு கைய எடுத்துப் பாக்குறதத்தான் எல்லாரும் செய்ய ஆசைப்படுறாங்க, ஒரே நோயாளிக்கு ஆறு பேர் அப்படி செஞ்சா அது கொடுமை. "ஒருதபா இருமுங்க"ன்னு சொல்லுங்க, இருமும்போது முகம் சுளிச்சு ஒரு எடத்த கைய வச்சுப் புடிச்சார்னா அதே தகவல் கிடைச்சிடும். நல்லா இருக்குற வயிறையும் நிறைய தொடணும். ஹெர்னியா ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனவரு, ப்ரெஸ்ட் கட்டிக்கு வந்தவங்க, இவங்க வயிறு சாதாரண வயிறு, அனுமதி கேட்டுத் தொட்டுப் பழகிக்கோங்க. சாதாரண வயிறு கைக்குத் தெரியாதவங்களுக்கு இறுகின வயிறும் தெரியாது.

வலி மருந்து பத்தியும் இங்கயே சொல்லிடணும். சர்ஜன் வந்து பாக்குறதுக்கு முன்னாடி வலிக்கு ஊசி போட்டா நோய் மறைஞ்சிடும்னு ஒரு பழைய நம்பிக்கை நம்ம காலேஜ்கள்ல இன்னும் சுத்திக்கினு இருக்கு. அது சரியில்லன்னு பல ஆய்வுகள் காட்டியாச்சு. வலி தணிஞ்ச நோயாளி வயித்த தளர்த்திக் கொடுப்பாரு, இன்னும் நல்லாவே பரிசோதிக்கலாம். ஒரு மனுஷன மணிக்கணக்கா துடிக்க விட்டுட்டு அதுக்கு டயக்னோசிஸ்னு பேர் வைக்கிறத எனக்குப் பாக்கவே முடியாது.

அப்பெண்டிக்ஸ்ல வரிசையக் கேளுங்க. தொப்புள சுத்தி வலி, அப்புறம் வாந்தி அல்லது பசியில்லாம, அப்புறம் வலி வலது பக்கம் கீழ எறங்குறது, அப்புறம் லேசா ஜுரம். வாந்தி பேதி முதல்ல வந்து வலி பின்னாடி வந்தா வேற ஏதாவதா இருக்க வாய்ப்பு அதிகம். 1986ல வந்த அல்வராடோ ஸ்கோர் அப்பெண்டிக்ஸா இருக்க எவ்ளோ வாய்ப்புன்னு பத்துக்கு மார்க் போடும், அத மனப்பாடம் பண்ணுங்க, ஆனா மார்க் கம்மியா இருக்குற வயசானவங்களயும் கர்ப்பிணியவும் அத மட்டும் வச்சு வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. அவங்களுக்கு அப்பெண்டிக்ஸ் புத்தகத்துல சொன்ன மாதிரி வராது.

வாந்தி, வயிறு உப்பல், மோஷன் போகலன்னு யாரு வந்தாலும் தொடை இடுக்க பாக்காம விடவே கூடாது. இத நான் எல்லா பேட்சுக்கும் ஒரு பாட்டிய வச்சுத்தான் சொல்வேன். அணைக்கட்டு பக்கத்து கிராமம், எழுபது வயசு தாண்டினவங்க, மூணு நாளா வாந்தி, ரெண்டு எடத்துல கேஸ்ட்ரிக்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. வார்டுல இருந்த ஒரு ஸ்டூடண்ட் பொண்ணு திரைய இழுத்துவிட்டுட்டு மெதுவா கேட்டுச்சு, "பாட்டி, தொடை இடுக்குல கட்டி ஏதாவது இருக்கா?" பாட்டி, "அது இன்னாத்துக்கு கண்ணு இப்ப, ரொம்ப நாளா கீது, நீ வாந்தி நிக்க வழியப் பாரு"ன்னாங்க. நெல்லிக்காய் சைஸ்ல ஒரு கட்டி, தொட்டா வலி, இருமுனா அசையல. ஃபெமோரல் ஹெர்னியா, தொடை இடுக்கு வழியா பிதுங்கி குடல் மாட்டிக்கிச்சு. அன்னைக்கே தியேட்டர். அந்தப் பொண்ணு எந்த ஸ்கேனும் பாக்கல, புடவைய கொஞ்சம் விலக்கக் கேட்டுச்சு, அவ்ளோதான். கூச்சத்தால மறைக்கிற நோவு நம்ம ஊர்ல நிறைய. பெண் நோயாளின்னா திரை வேணும், கூட ஒரு பெண் ஸ்டாஃப் இருக்கணும், என்ன செய்யப்போறோம்னு முன்னாடியே சொல்லணும், இதெல்லாம் மரியாதைக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, இது இல்லன்னா நோயே கிடைக்காது.

வயித்துக்கு வெளிய, நேரம் ஓடிக்கினே இருக்குற சில கேஸ்கள வேகமா சொல்லிடறேன். பதினாலு பதினஞ்சு வயசுப் பையன் அடிவயிறு வலின்னு வந்தா பேன்ட்ட எறக்கி விரைய பாக்கணும், முறுக்கிக்கிட்டு இருந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள அவுத்துவிட்டா பெரும்பாலும் பொழைக்கும், ஒரு நாள் தாண்டுனா எடுத்துப்போட வேண்டியதுதான், அந்தப் பசங்க அம்மாகிட்டகூட சொல்லமாட்டானுங்க. பொறந்து சில நாளான குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா பால் ஒத்துக்கலன்னு சொல்லி அனுப்பாதீங்க, குடல் முறுக்கு இல்லன்னு நிரூபிக்கிற வரைக்கும் அது குடல் முறுக்குதான். ஒரு கால் திடீர்னு வலிச்சு, வெளுத்து, ஜில்லுனு ஆகி, நாடி கிடைக்கலன்னா கையில இருக்கிறது சில மணி நேரம்தான். ஒரு சின்ன புண்ண சுத்தி தோல் லேசா செவந்திருக்கு, ஆனா நோயாளி கத்துற கத்து அந்த சிவப்புக்குப் பொருந்தல, தோல அமுக்குனா நொறுநொறுன்னு காத்து தட்டுப்படுது, அப்படின்னா உள்ள தசை உறை அழுகிக்கினு இருக்கு, ஆன்டிபயாடிக் போட்டுட்டு காலையில பாக்கலாம்னா காலையில ஆள் இருக்கமாட்டாரு.

பொங்கல் முடிஞ்சா நம்ம பக்கம் காளை விடுற திருவிழா சீசன். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, அந்தப் பக்கம் கிருஷ்ணகிரின்னு வாரத்துக்கு வாரம் ஏதோ ஒரு ஊர்ல மாடு ஓடும், ரெண்டு பக்கமும் ஜனம் நிக்கும், கொம்பு குத்துன கேஸ் கேஷுவால்டிக்கு வரும். இத பாக்குற வாய்ப்பு சென்னைல படிக்கிற பசங்களுக்கு ரொம்பக் கம்மி, உங்களுக்கு இருக்கு, விட்டுடாதீங்க. வெளிய ரெண்டு விரல் அளவு ஓட்டை, உள்ள கொம்பு போன வழி ஒரு சாண் நீளம் இருக்கும், மேல நோக்கியும் போயிருக்கும், ஏன்னா மாடு குத்தி தூக்கும். மண்ணு, சாணி, துணி எல்லாம் உள்ள போயிருக்கும். பிஹெச்சில அத அழகா தையல் போட்டு மூடுறது பெரிய தப்பு, அழுக்கு புண்ண மூடுனா உள்ள சீழ் கோத்துக்கும். கழுவி, ஸ்டெரைல் துணி வச்சு மூடி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டு, ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு அனுப்பணும். குடல் வெளிய வந்திருந்தா உள்ள தள்ளாதீங்க, சலைன்ல நனைச்ச சுத்தமான துணியால மூடி ஈரம் காயாம அனுப்புங்க. வயித்துல குத்துச்சுன்னு வந்தாலும் நெஞ்சையும் பாருங்க, டயஃப்ரம் தாண்டி போயிருக்கலாம்.

ரோடு ஆக்சிடெண்ட் பத்தி தனியா நிறைய சொல்ல வேணாம், சென்னை பெங்களூர் ஹைவே நம்ம வீட்டு வாசல்ல போகுது, கேஸுக்குப் பஞ்சமே இல்ல. ஏர்வே, மூச்சு, ரத்த ஓட்டம், மூளை, அப்புறம் முழு உடம்பு, இந்த வரிசைய மாத்தாதீங்க. காலு ஒடிஞ்சு தொங்குறது கண்ண இழுக்கும், ஆனா மூச்சுக்குழாய் அடைச்சிருந்தா அதுதான் முதல்ல கொல்லும். 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்ங்கறது சொந்தக்காரங்களுக்கு நீங்களே சொல்லுங்க, பணத்துக்கு அலைஞ்சு நேரத்த விடுறவங்க இன்னும் இருக்காங்க.

இன்னைக்கு ராத்திரி கத்தி வேணாம்னு தெரிஞ்சுக்கறதும் இதே படிப்புதான். வேர்க்கடலை நிலத்துலயோ நெல்லு வயல்லயோ கண்ணாடி விரியன் கடிச்சு கால் ஊதி கருப்பாகி வருவாங்க, பாத்தாலே பயமா இருக்கும், உள்ள அழுத்தம் ஏறிடுச்சு, கிழிச்சு விடணும்னு தோணும். முதல்ல ரத்தம் உறையுதான்னு பாருங்க. சுத்தமான காஞ்ச கண்ணாடி ட்யூப்ல ரெண்டு மில்லி ரத்தம், ஆட்டாம இருபது நிமிஷம், அப்புறம் சாச்சுப் பாருங்க, உறையலன்னா விஷமுறிவு மருந்து வேணும், இந்த டெஸ்ட் எந்த பிஹெச்சிலயும் செய்யலாம். ரத்தம் உறையாத நிலையில அந்தக் கால்ல கிழிச்சா ரத்தம் நிக்கவே நிக்காது. பெரும்பாலான வீக்கம் மருந்துலயும் கால தூக்கி வைக்கிறதுலயும் வத்திடும். கடிச்ச எடத்துல பிளேடால கீறி, கயிறு இறுக்கிக் கட்டி வர்றவங்கள இன்னைக்கும் பாக்குறேன், பாவம், விஷத்தோட அந்தக் கட்டும் சேர்ந்து கால கெடுக்குது.

இப்ப எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். சக்கரை கால், அதாவது சக்கரை நோயால கால்ல வர்ற புண்ணு. வார்டுல பாதி பெட்டு இவங்கதான், ஸ்டூடண்ட்ஸுக்கு இந்த பெட்டுன்னாலே சலிப்பு, நாத்தம் வேற, பரீட்சைக்கும் அடிக்கடி வர்றதில்ல, ரவுண்ட்ஸ்ல "டயபெடிக் ஃபுட் சார், டிரெஸ்ஸிங் ஆச்சு சார்"னு ஒரே வரில தாண்டிப் போவாங்க. நான் சொல்வேன், போஸ்டிங்ல ஒரே ஒரு நோயாளிய முழுசா புடிச்சுக்க முடியும்னா இவர புடிங்க. அட்மிஷன்ல இருந்து டிஸ்சார்ஜ் வரைக்கும், தினமும் கட்டு மாத்தும்போது கூட நில்லுங்க, நீங்களே மாத்துங்க. புண்ணுக்குள்ள ப்ரோப்ங்கற மெல்லிசு கம்பிய விட்டா எலும்பு தட்டுதா, பாதத்து மேல நாடி கிடைக்குதா, கணுக்கால் உள்பக்கம் நாடி கிடைக்குதா, பத்து கிராம் மோனோஃபிலமென்ட்ங்கற நைலான் இழைய வச்சா தொடுறது தெரியுதா, இதெல்லாம் உங்க கையால செய்யணும். கீறி சீழ வெளிய எடுத்த மறுநாள் சக்கரை எப்படி எறங்குதுன்னு சார்ட்ல பாருங்க, எந்த இன்சுலின் டோஸும் செய்யாதத அந்தக் கத்தி செஞ்சிருக்கும். அழுகின சதை போய் செக்கச்செவேல்னு புது சதை வர்றத பாக்குறதுக்கு எத்தன நாள் ஆகும்னு புத்தகம் சொல்லாது, தினம் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

இதுல நம்ம ஊருக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு, வேலூர்ல படிக்கிற பசங்களுக்கே நிறைய பேருக்கு அது தெரியறதில்ல. 1946ல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிங்க கை கால் விரல் தேஞ்சு போறத பாத்து ஏன்னு தேடுனாரு. அந்த நோயே சதைய அழுக வைக்குதுன்னுதான் அதுவரைக்கும் பலரும் நெனச்சிருந்தாங்க. அவரும் கூட இருந்தவங்களும் கண்டுபுடிச்சது, நரம்பு செத்துப்போய் வலி தெரியாததால தினம் தினம் படுற சின்ன சின்ன காயம்தான் விரல கொண்டுபோகுதுன்னு. மடங்கிப்போன கைகளுக்கு தசைநார் மாத்தி வச்சு ஆபரேஷன் பண்ணாங்க. 1955ல காட்பாடி பக்கம் கரிகிரில தொழுநோய்க்குன்னு ஆராய்ச்சி மருத்துவமனை வந்துச்சு. உணர்ச்சி இல்லாத கால்ல புண்ணு வந்தா மாவுக்கட்டு போட்டு அழுத்தத்த எடுத்தா ஆறும், ஆறுனப்புறம் மெத்துனு எம்சிஆர் ரப்பர் செருப்பு போட்டா திரும்ப வராதுன்னு இந்த மண்ணுல பாத்துப் பாத்து கத்துக்கிட்டாங்க. 1960கள்ல அவரு அமெரிக்கா போனப்புறம் அதே மாவுக்கட்டு முறைய சக்கரை நோயாளிங்க காலுக்கும் கொண்டுபோனாரு. இன்னைக்கு உலகம் முழுக்க சக்கரை புண்ணுக்கு அழுத்தத்த எடுக்கணும்னு சொல்றதுக்குப் பின்னாடி நம்ம பக்கத்து தொழுநோய் வார்டு இருக்கு. அதனால புண்ண பாக்குறப்ப "இந்த எடத்துல எது அழுத்துச்சு?"ன்னு கேளுங்க, நோயாளியோட செருப்ப கைல எடுத்துப் பாருங்க, உள்ள விரல விட்டுத் தடவிப் பாருங்க. ஆம்பூர்லயும் ராணிப்பேட்டையிலயும் ஊருக்கே ஷூ தைக்கிறவங்க வெறுங்கால்ல நடந்து ஆணி குத்திக்கினு வர்றத பாத்தா எனக்கு மனசு ஆறாது.

ஒரு தடவ குடியாத்தம் நெசவாளி ஒருத்தருக்கு ரெண்டு விரல் எடுக்கணும்னு நிலைமை. யூனிட்ல எல்லாரும் சக்கரை, ரத்த ஓட்டம், இன்ஃபெக்‌ஷன்னு பேசுறோம். அவரு கேட்டாரு, "சார், அதெல்லாம் நீங்க பாத்துக்கோங்க, நான் குழித்தறில எறங்கி மிதிக்க முடியுமா, அத சொல்லுங்க." கால் எவ்ளோ தூரம் மிச்சம் வைக்கணும், பெருவிரல காப்பாத்த எவ்ளோ போராடணும்ங்கறதுக்கு அந்தக் கேள்விதான் எங்களுக்கு வழி காட்டுச்சு. நோயாளி என்ன வேலை செய்றாருன்னு கேஸ் ஷீட்ல "கூலி"ன்னு எழுதிட்டுப் போறீங்களே, அத கொஞ்சம் விரிச்சுக் கேளுங்க. பேரணாம்பட்டுல முப்பத்தஞ்சு வயசு ஆளு, சக்கரையே இல்ல, கால் விரல் கருத்துப்போச்சு, நாளைக்கு ரெண்டு கட்டு பீடி, அது பர்கர்ஸ் நோய், புகையால ரத்தக்குழாய் அடைச்சுக்கிற நோவு. பீடிய விட்டா மிச்ச விரல் நிக்கும், விடலன்னா ஒவ்வொண்ணா போகும். விட வைக்கிறதுக்கு உக்காந்து பேசுறதும் சர்ஜரிதான், அத செய்ய ஸ்டூடண்ட்டுக்கு எங்கள விட நேரம் இருக்கு.

தியேட்டருக்கு வாங்க, கண்டிப்பா வாங்க. ஆனா நீங்க முன்னாடியே பாத்து, பேசி, வயித்த தொட்டு வச்சிருக்கிற நோயாளியோட ஆபரேஷனுக்கு வாங்க. வெளிய கைக்குத் தெரிஞ்சது உள்ள என்னவா இருக்குன்னு பாக்கும்போது வர்ற படிப்பு வேற எதுலயும் வராது. யாருன்னே தெரியாத ஒருத்தரோட வயித்துல வெட்டுன எடத்த விரிச்சு வைக்கிற ரிட்ராக்டர் புடிச்சு மூணு மணி நேரம் நின்னா கால் வலிதான் மிச்சம். கைகழுவ ஒழுங்கா கத்துக்கோங்க, ஸ்டெரைல்னா என்னன்னு ஸ்க்ரப் சிஸ்டர்கிட்ட கத்துக்கோங்க, அவங்க திட்டுனா வாங்கிக்கோங்க, அவங்க சொல்றது நூத்துக்கு நூறு சரியா இருக்கும். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தி பேரு, ஆபரேஷன், எந்தப் பக்கம், ஆன்டிபயாடிக் போச்சான்னு உரக்கக் கேக்குறாங்களே, 2008ல உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த செக்லிஸ்ட் அது. டெல்லி உட்பட எட்டு ஊர் ஆஸ்பத்திரிங்கள்ல அத வச்சுப் பாத்து 2009ல வெளியிட்டாங்க, சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 சதவீதமா குறைஞ்சிருந்துச்சு. ஒரு காகிதம், ரெண்டு நிமிஷம். நாளைக்கு நீங்க சிசேரியனுக்கு நின்னாலும் கண் ஆபரேஷனுக்கு நின்னாலும் இது வேணும். அப்புறம், போஸ்டிங்குக்கு முன்னாடியே ஹெபடைடிஸ் பி மூணு ஊசியும் போட்டு எதிர்ப்புச் சக்தி வந்துடுச்சான்னு டைட்டர் டெஸ்ட் பாத்துடுங்க, ஊசி குத்திடுச்சுன்னா மறைக்காதீங்க, எச்ஐவி தடுப்பு மருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டுனா பலன் இல்ல.

தையல், முடிச்சு எல்லாம் ஹாஸ்டல் கட்டில் கம்பில நூல் கட்டிப் பழகலாம், அதுக்கு நான் பெருசா மதிப்பு கொடுக்கல, சிஆர்ஆர்ஐங்கற இன்டர்ன்ஷிப்ல தானா கை வந்துடும்.

சாயந்தரம் வார்டுக்கு வர்ற ஸ்டூடண்ட்ட எனக்கு ரொம்பப் புடிக்கும். காலை ரவுண்ட்ஸ்ல இருபது பேர் நிக்கிற எடத்துல எதுவும் காதுல விழாது, சாயந்தரம் ஆறு மணிக்கு வெயில் தணிஞ்சு வார்டு கொஞ்சம் அமைதியாகும், அப்பதான் ஆபரேஷன் ஆனவரு எப்படி இருக்காருன்னு பாக்க முடியும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோவுக்கு அரை மில்லியாவது யூரின் வரணும், அறுபது கிலோ ஆளுக்கு முப்பது மில்லி, பைய தூக்கிப் பாருங்க. மூச்ச ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க. கேஸ் ஷீட்ல எல்லாருக்கும் பதினெட்டு, இருபதுன்னு எழுதியிருக்கும், யாரும் எண்ணியிருக்க மாட்டாங்க. நோயாளி கெட்டுப்போறத ரத்த அழுத்தத்துக்கு ரொம்ப முன்னாடியே நாடியும் மூச்சும் சொல்லிடும். குடல் வெட்டி ஒட்டுனவரு அஞ்சாவது நாள் வாக்குல காரணம் இல்லாம நாடி ஏறி, "என்னமோ மாதிரி இருக்குது தம்பி"ன்னு சொன்னா, ஒட்டுன எடம் கசியுதான்னு முதல்ல யோசிங்க, வேற எதுவும் அப்புறம். வார்டு சிஸ்டர் "இந்த பேஷண்ட் எனக்கு சரியா படல"ன்னு சொன்னா உடனே எந்திரிச்சுப் போங்க.

சம்மதம் வாங்குறதும் இந்த நேரத்துலதான் கத்துக்கணும். நம்ம வார்டுல படிவத்த மகன்கிட்டயோ மச்சான்கிட்டயோ நீட்டி கையெழுத்து வாங்கிடுறாங்க, படுத்திருக்கிற அம்மாகிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்றதில்ல. நினைவா இருக்குற நோயாளிக்கு என்ன பண்ணப்போறோம், ஏன், பண்ணலன்னா என்ன ஆகும், மலம் போக வயித்துல பை வைக்க வேண்டி வரலாமா, அவங்க பேசுற பேச்சுல சொல்லிட்டு, அவங்க வாயால திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. பட்டினியயும் விளக்குங்க. கெட்டி சாப்பாடு ஆறு மணி நேரம், வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம், அவ்ளோ போதும், முந்தின ராத்திரி ஒன்பது மணில இருந்து மறுநாள் மதியம் வரைக்கும் வேலூர் வெயில்ல ஒரு சக்கரை நோயாளி சொட்டுத் தண்ணி இல்லாம காத்துக்கினு இருக்கிறத பாத்தா போய் அனஸ்தீஷியா டாக்டர்கிட்ட கேளுங்க, ஸ்டூடண்ட்தானேன்னு தயங்காதீங்க.

கடைசியா ரெஃபரல் லெட்டர். பிஹெச்சில இருந்து வர்ற சீட்டுல பாதிக்கு மேல "வயிற்று வலி, மேல் சிகிச்சைக்கு"ன்னு மட்டும் இருக்கும். எழுதுன டாக்டர் நல்லாத்தான் பாத்திருப்பாரு, ஆனா அவரு பாத்தது எதுவும் என்கிட்ட வந்து சேராது. வலி எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது, நீங்க பாத்தப்ப நாடி, பிபி, மூச்சு என்ன, வயிறு எப்படி இருந்துச்சு, எந்த மருந்து எத்தன மணிக்கு கொடுத்தீங்க, எவ்ளோ ட்ரிப் போச்சு, மூக்கு வழியா வயித்துக்குள்ள ரைல்ஸ் ட்யூப் போட்டீங்களா, கடைசியா எப்ப சாப்ட்டாரு, இவ்ளோதான், பத்து வரி. 108ல ஏத்துறதுக்கு முன்னாடி கேஷுவால்டிக்கு ஒரு போன் பண்ணுங்க, வர்ற நேரத்துக்குள்ள நாங்க ரத்தம் ஏற்பாடு பண்ணி வைக்கலாம். கூட வர்றவங்ககிட்ட காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய மாத்திரை எல்லாம் எடுத்துக்கச் சொல்லுங்க, வழியில பள்ளிகொண்டா டோல்கேட் கிட்ட நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்துடக்கூடாதுன்னும் சொல்லுங்க, பாசத்துல கொடுத்துடுவாங்க.

என் போஸ்டிங்குக்கு வர்ற ஒவ்வொரு ஸ்டூடண்ட்டும் வார்டுல இருக்குற ஒரு எமர்ஜென்சி நோயாளிய எடுத்து, தான் ஜவ்வாதுமலை பிஹெச்சில இருந்து அவர அனுப்புறதா வச்சுக்கிட்டு இந்த லெட்டர எழுதிக் கொடுக்கணும். ஒவ்வொண்ணையும் நானே படிப்பேன். வலி ஆரம்பிச்ச நேரம் இல்லாத லெட்டர திருப்பிக் கொடுத்து, நோயாளிகிட்ட போய் கேட்டுட்டு வரச் சொல்வேன்.